எடைக்கு எடை வெல்லம்

நான் இதுவரை குறைத்த எடையை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தால் அதன் பேரில் தனியாக ஒரு ரேஷன் கார்டே வாங்கியிருக்கலாம். எடை குறைக்க முடியவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். குறைப்பதில் என்ன கஷ்டம்? ஏழெட்டு முறை குறைத்தவள் நான். கொள்ளு ரசம் குடித்து ஒருமுறை, அரிசியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஒருமுறை, பொழுது சாய்ந்தபின் வாயே திறக்காமல் ஒருமுறை (வீடு அவ்வளவு அமைதியாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை என்று என் கணவர் இன்றும் ஏக்கத்தோடு சொல்வார்). போன எடை திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கைவரவில்லை. வரும்போது அது தனியாகவும் வராது. துணைக்கு இரண்டு கிலோவைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பீரோவில் என் ரவிக்கைகளுக்கு மூன்று தட்டுகள் இருந்தன. மேல்தட்டு லட்சியம், நடுத்தட்டு சமாளிப்பு, கீழ்த்தட்டு நிஜம். நான் இந்த மூன்றுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முடிவு கட்டியது டாக்டரும் அல்ல, ஜிம்மும் அல்ல. ஒரு கோவில் தராசு.

அப்போது எனக்கு ராமநாதபுரத்தில் அரசு வேலை. கணவரும் பையனும் ஸ்ரீரங்கத்தில். சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறுவேன். பையன் அழுவான். உறையூரில் இருக்கும் என் அம்மா அவனைவிட அதிகமாக அழுவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மகளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்தால் அவள் எடைக்கு எடை வெல்லம் காணிக்கை. கொஞ்ச நாளில் ஆர்டர் வந்துவிட்டது. அம்மன் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டாள். இழுத்தடித்தது நான்தான்.

பின்னே? துலாபாரம் என்றால் சும்மாவா? ஒரு தட்டில் நான், மறுதட்டில் வெல்லம், சுற்றிலும் சொந்தக்காரர்கள். வீட்டு எடை மெஷினில் ஏறுவதற்கே கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் நான். யாராவது எடையைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். என் எடை இன்னொருவருக்குத் தெரிவதைவிட ராமநாதபுரத்துக்கே திரும்பிப் போகலாம் என்றிருந்தது.

"கொஞ்சம் குறைச்சுட்டு உக்காந்துக்கறேம்மா."

"ஏன்டி, அம்மன் என்ன உன்னைப் பொண்ணு பாக்கவா வரா?"

அம்மா நாள் குறிப்பாள். நான் பட்டினி கிடந்து குறைப்பேன். பையனுக்கு அம்மை போடும், அல்லது ஆடிட் வந்து லீவு கிடைக்காது. நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போன சந்தோஷத்தில் நான் சாப்பிட ஆரம்பிப்பேன். சில வருடங்கள் இப்படியே ஓடின.

கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் எழுபத்திரண்டுக்கு வந்து நின்றேன். தெம்பில் அம்மாவிடம், "எழுபது வாங்கினாப் போதும்மா, அதுவே அதிகம்" என்று அடித்துவிட்டேன். என் அண்ணன் செந்தில் காந்தி மார்க்கெட்டில் வெல்லம் வாங்கி இறக்கியும் விட்டான். அந்த வாரமே பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு கழிவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. இனி தை வெள்ளிக்கிழமைதான் என்றாள் அம்மா.

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு டயட் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். விடிவதற்குள் பக்கத்து ஃபிளாட் மாமி வெண்பொங்கலோடு வந்து நிற்பார். ஒருநாள் புளியோதரை. கூடாரவல்லி அன்று முழங்கை வரை நெய் வழிகிற அக்காரவடிசல்.

"டயட்ல இருக்கேன் மாமி."

"பெருமாள் பிரசாதம்டிம்மா. வேண்டாம்னு சொல்லப்படாது."

நான் சொல்லவில்லை. போதாததற்கு மணப்பாறையிலிருந்து சித்தி ஒரு டின் முறுக்கு வேறு அனுப்பியிருந்தாள். தை பிறந்து மெஷினில் ஏறினேன். எண்பத்தி நாலு. இறங்கி மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினேன். அதே எண்பத்தி நாலு.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அம்மா எதையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாங்குவாள், கோவில் தராசும் பழசாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை நகைகளைக் கழற்றி வைத்தேன். இருப்பதிலேயே லேசான சேலையைக் கட்டினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. (பதினாலு கிலோவை மறைக்க இரண்டு வளையல்களைக் கழற்றிய புத்திசாலி உங்கள் முன்னால் எழுதிக்கொண்டிருக்கிறாள்.)

கோவிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே என்னை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். நல்ல கூட்டம். சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. நான் உட்கார்ந்ததும் என் தட்டு தரையில் அமர்ந்தது. எதிர்த்தட்டில் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கடைசி மூட்டையும் ஏறியது. என் தட்டு அசையவில்லை.

தராசுக்காரர் அண்ணனைப் பார்த்தார். "அவ்வளவுதாங்களா?"

"அவ்வளவுதாங்க. தராசுல ஏதோ கோளாறு போலிருக்கே."

அவருக்குச் சுருக்கென்றது. "காலைலேர்ந்து எத்தனை பேர் உக்காந்து எந்திரிச்சிட்டாங்க. தராசு நல்லாத்தாங்க இருக்கு."

நான் மெல்ல ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"யம்மா, நடுவுல எறங்கக் கூடாதும்மா. எடை சரியானதுக்கு அப்புறந்தான் எறங்கணும்."

அண்ணன் வெல்லம் வாங்க வெளியே ஓடினான். நான் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓரகத்தி தேங்காய்களை எடுத்து வைக்கப் போனாள். அம்மா தடுத்துவிட்டாள். "வெல்லம்னா வெல்லந்தான். அம்மன்கிட்டப் பேச்சு மாறக் கூடாது." கணவர் எதிரே நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் பக்கத்தில் வந்து எடுத்தார்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். குழந்தைக்கும் துலாபாரம். அதன் அம்மா ஒரு துணிப்பையோடு முன்னால் வந்தாள்.

"பாப்பாக்குக் கொண்டு வந்த வெல்லம் இருக்குக்கா. எட்டு கிலோ. வெச்சுக்கங்க. உங்கண்ணன் வந்ததும் நாங்க வாங்கிக்கறோம்."

குழந்தையின் வெல்லம் ஏறியது. என் தட்டு லேசாக ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுப் பழையபடி உட்கார்ந்துகொண்டது. அந்தக் குழந்தை என்னையே பார்த்தது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்றிய ஒரு விஷயத்தை ஊரே கூடிநின்று எண்ணிக்கொண்டிருந்தது.

அண்ணன் மூச்சிரைக்க வந்தான். வாசல் கடைகளில் இருந்ததெல்லாம் அரை கிலோ பாக்கெட்டுகள்தான். தராசுக்காரர் ஒவ்வொன்றாக வைத்தார். கூட்டமே சத்தமாக எண்ண ஆரம்பித்தது. பன்னிரண்டாவது பாக்கெட்டில் நான் தரையை விட்டு எழும்பினேன். ஒரே கைதட்டல். குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

குழந்தையின் வெல்லத்தைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் மறுபடி கடைக்கு ஓடினான். அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "பதினாலு கிலோ குறைச்சுச் சொல்லியிருக்கியேடி!"

"எல்லாரும் சிரிச்சிட்டாங்கம்மா" என்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும். நான் எம்பொண்ணுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். எவளோ எழுபது கிலோக்காரிக்கு இல்ல."

வீட்டுக்கு வந்து எல்லோரோடும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன். வழக்கமாக இந்த மாதிரி அவமானத்துக்குப் பிறகு அன்று சாயங்காலமே புது டயட் தொடங்குவேன். அன்று தொடங்கவில்லை. தொடங்கி யாருக்கு எதை நிரூபிப்பது? நான் தட்டில் உட்கார்ந்த வீடியோ குடும்ப குரூப்பில் ஏறி, துபாய் வரைக்கும் போய்விட்டிருந்தது.

இனி குறித்த நாளும் இல்லை, அதற்குள் தொட வேண்டிய எண்ணும் இல்லை. பட்டினி நின்றது. பட்டினி நின்றதும் அதன் பின்னாலேயே வரும் வெறித்தனமான சாப்பாடும் நின்றது. மூன்று வேளை அளவாகச் சாப்பிட்டேன். சாயங்காலம் சித்திரை வீதியைச் சுற்றி நடந்தேன். மாமி பிரசாதம் கொண்டுவந்தால் ஒரு கரண்டி வாங்கி, ரசித்துச் சாப்பிட்டேன். யாரும் அவசரப்படுத்தாததால் எடை தானாகவே மெல்ல இறங்கி எழுபத்தாறில் வந்து உட்கார்ந்தது. வருடக்கணக்காக அங்கேயேதான் இருக்கிறது. பீரோவில் இப்போது ரவிக்கைக்கு ஒரே தட்டு. யார் கேட்டாலும் எடையைச் சொல்கிறேன். சில சமயம் கேட்காதவர்களிடமும்.

ஆனால் எங்கள் வீட்டில் நான் எந்தக் கணக்கு சொன்னாலும் எடுபடுவதில்லை. "சாப்பிட இருபது பேர் வருவாங்க" என்றால் அண்ணன் உடனே கேட்பான், "பாப்பா வெல்லத்தச் சேத்தா, சேக்காமலா?" கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் இதுதான். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் காரணம் தெரியாமலே சொல்லப் பழகிவிட்டார்கள்.

போன மாதம் அண்ணன் புது வீடு கட்டி முடித்தான். வேலை பாதியில் நின்றபோது அம்மா அவனுக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எடைக்கு எடை வெல்லமேதான். அன்று மாலையே எனக்குப் போன் செய்தான்.

"கல்யாணி, நீ அந்தக் கொள்ளு ரசம் எப்படி வெச்ச?"

"அதெல்லாம் எதுக்குண்ணே? அம்மாகிட்ட எவ்வளவுன்னு சொல்லியிருக்க?"

"எழுபத்தெட்டு."

"பாப்பா வெல்லத்தச் சேத்தா, சேக்காமலா?"

போனில் அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சேத்தா... தொண்ணூத்தி மூணு" என்றான்.

"ரசத்த விடுண்ணே. முதல்ல இத அம்மாகிட்டச் சொல்லு" என்றேன்.