எக்ஸ்ரேயில் அகப்பட்ட வால்வு லாக்

வீடியோவில் பத்து நிமிடத்தில் முடிகிற எந்த வேலையையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அனுபவம் என்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அனுபவம்.

வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய மாமனார், தன் பழைய நூறு சிசி பைக்கைச் சாந்தோம் தெருவில் தனியாக விட மனமில்லாமல், மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போனார். ரிடையர்டு கணக்கு வாத்தியார். மருமகனிடம் பேசுவதைவிடப் பைக்கிடம் மரியாதையாகப் பேசுவார். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் அது டப் டப்பென்று வெடிக்கும். எக்ஸாஸ்ட் வால்வில் கரி பிடித்திருக்கிறது என்று நான் தீர்ப்பளித்தேன். (யாரும் கேட்கவில்லை.) சுத்தம் செய்து கொடுத்து அவரை அசத்துவதாகத் திட்டம்.

பிரிப்பது சுலபமாக நடந்தது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்து, குடைத்தலை வைத்த ஆணி மாதிரி இருந்த வால்வை பால்கனியில் டீசலில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. மனைவி ஷீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முதல்ல மாட்டு" என்றாள்.

ஹாலில் பேப்பர் விரித்து மாட்ட உட்கார்ந்தேன். ஸ்பிரிங்கை கிளாம்ப் போட்டு அழுத்திக்கொண்டே, அது நழுவாமல் பிடிக்கும் இரண்டு குட்டி இரும்பு லாக்குகளை வால்வின் கழுத்தில் செருக வேண்டும். ஒவ்வொன்றும் உளுந்தைவிடச் சற்றுப் பெரிது. கிளாம்ப் வழுக்கியது. ஸ்பிரிங் துள்ளியது. ஒரு லாக்கைக் காணவில்லை.

சோஃபாவுக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது, எதிரே இன்னொருத்தியும் தவழ்ந்து வந்தாள். எங்கள் மகள் ஜெனி. எதையோ மென்றுகொண்டிருந்தாள். நான் அவள் வாயில் விரலை விடுவதற்குள் விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

ஷீலா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆட்டோ லஸ் சிக்னலில் நின்றபோது, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, அது எவ்வளவு கூராக இருக்கும் என்று மட்டும் கேட்டாள். கூராகவே இருக்காது என்றேன். அதன் ஓரங்கள் என் விரலைக் கிழித்திருந்தன.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரே எடுப்பவர் எனக்குக் கனமான ஓர் ஏப்ரனை மாட்டி, ஜெனியின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் அலறினாள். நான் மனசுக்குள் அலறினேன். கம்ப்யூட்டரில் படம் வந்தது. ஓரத்தில், பளீரென்று வெள்ளையாக, சந்தேகமே இல்லாமல், லாக். ஷீலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

எக்ஸ்ரேக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், பாப்பா வயித்துல ஒண்ணும் இல்ல. இது உங்க கை. உங்க கையிலதான் கீது."

சுருட்டி விட்டிருந்த முழுக்கைச் சட்டையின் மடிப்பை அவிழ்த்தேன். டிக்கென்று தரையில் விழுந்தது. ஷீலா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். நான் அழ ஆரம்பித்துச் சிரிப்பில் முடித்தேன். டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றதும்தான் குனிந்து லாக்கைப் பொறுக்கினேன். (ஜெனி எதைத்தான் மென்றாள் என்பது இன்றுவரை தெரியாது.)

மறுநாள் குழந்தையைப் பக்கத்து ஃப்ளாட்டில் விட்டுவிட்டு, ஷீலா கிளாம்ப்பைப் பிடிக்க, நான் பனியனோடு உட்கார்ந்து லாக்கைச் செருகினேன். பைக்கும் பெரிய மனசோடு ஸ்டார்ட் ஆனது. திரும்பி வந்த மாமனார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கதையும் கேட்டார். கீழே போய் வண்டியைக் கிளப்பினார். டப் டப். சைலன்சர் நட்டை ஒரு சுற்று முறுக்கினார். சத்தம் நின்றது. பைக்கைத் தட்டிக்கொடுத்தார். என்னையல்ல.

ஜெனி இப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் ரிமோட்டோ தாத்தாவின் கண்ணாடியோ காணாமல் போனால், தலையைக்கூட நிமிர்த்தாமல், "அப்பாவ எக்ஸ்ரே எடுங்க" என்பாள். போன வாரம் பீரோ சாவியைக் காணவில்லை. அவள் வழக்கம்போலச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று பேன்ட் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தேன்.

இருந்தது.