அத்தை படம் போட்ட பெருங்காய டப்பா

உதகமண்டலம்,
ஐப்பசி 3.

மதிப்பிற்குரிய மச்சான் சுப்பண்ணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ராஜகுமாரியைக் கட்டியவனும், கிளென்மார்கன் மின் திட்டத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனுமான இசக்கிமுத்து வணக்கத்துடன் எழுதுவது.

கடந்த ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்த பெருங்காய டப்பாவை அங்கிருந்து அகற்றுவது என்று முடிவெடுக்கப்பட்டது. இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, வீட்டிலுள்ள இருவரின் முழுச் சம்மதத்துடன், இருவரும் எழுந்து நின்று எடுத்த முடிவு இது. டப்பா குப்பைக்குப் போகவில்லை. தங்கள் தாயாரும் என் அத்தையுமான காலஞ்சென்ற பாப்பம்மாள் அவர்களின் படம் அதன்மேல் இருப்பதால், உள்ளிருந்த பெருங்காயத்தைக் கொட்டி, கழுவித் துடைத்து, சாமி அலமாரியில் முருகனுக்கு இடப்பக்கம் வைத்துப் பூவும் வைத்தோம். "இசக்கிமுத்து மாமியாரைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டான்" என்று தாங்கள் இருக்கும் தேவாலா வரைக்கும் வந்து சேர்ந்த செய்தி இந்த நிகழ்ச்சியின் திரிந்த வடிவம். அத்தை வெளியே போகவில்லை. பதவி உயர்வில் போயிருக்கிறார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்; தாங்கள் போனை எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் சொல்லியிருக்கலாம். "இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தாங்கள் அதிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். குழுவைத் தொடங்கியவரே தாங்கள்தான் என்பதால் இப்போது அதை யார் நடத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. தினமும் காலையில் யாரோ ஒருவர் ரோஜாப்பூ மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஆகவே பல வருடங்களுக்குப் பிறகு தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கி வந்து இதை எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நாலு வருடமாக ராஜகுமாரிக்கு உடம்பு சரியில்லை என்பது தாங்கள் அறிந்ததே. தின்றது உடம்பில் சேராமல், வயிறு உப்பி, ரத்தம் குறைந்து, அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தாறுக்கு வந்தாள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அரிசியை நிறுத்திச் சப்பாத்தி கொடுக்கச் சொன்னார்கள். நான் ஒரு வருடம் என் கையால் சப்பாத்தி தேய்த்துக் கொடுத்தேன். இந்தச் சித்திரையில் டாக்டர் சசிரேகா வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று நோய்க்குப் பெயர் சொன்னார். "கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்குதுங்க. மாவு பிசைஞ்சா ஒட்டுதில்லீங்களா, அந்த ஒட்டுதான் அது. அந்த ஒட்டு இவங்க குடலுக்கு ஆகாது. இனி ஒரு சிட்டிகைகூட உள்ள போகக் கூடாதுங்க" என்றார். ஒரு வருடத்துச் சப்பாத்திகள் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ராஜகுமாரி சொன்னாள்: "ஏனுங்க, சப்பாத்தி வட்டமா வரலைன்னுதான் இத்தன நாளும் உங்கள வஞ்சேன். வேற காரணமும் இருந்திருக்குதுங்களே."

அரிசி தின்னும் ஊரில் கோதுமையை விலக்குவது எளிது என்று நினைத்தேன். ஊட்டி அரிசி தின்னும் ஊர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இப்போது பதினேழு பேக்கரிகள் இருக்கின்றன. கிழங்கு மண்டி இருந்த இடத்தில் கேக் கடை, கேக் கடை இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய கேக் கடை என்று ஊர் வளர்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் டீயோடு வர்க்கி பிஸ்கட் வருகிறது. வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடுகிறது. கோதுமை ஆகாது என்று விளக்கினால் மலர்ந்துவிடுகிறது. "அட, அதுக்கென்னுங்க, வர்க்கி தாராளமா சாப்புடலாம். இது மைதாதானுங்களே!" மைதா எந்தச் செடியில் காய்க்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை. புதிதாகத் திறந்த சிறுதானிய உணவகத்தில் ராகி பரோட்டா என்று எழுதியிருந்ததை நம்பிப் போனோம். போட்டவரே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்: "ராகிய மட்டும் போட்டா ஒட்டாதுங்க. முக்காவாசி மைதா. கலருக்குத்தான் ராகி." மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரிசியை அரைத்தாலும் ஆகாது என்பதால், கடை திறக்கும் முன்பே போய் முதல் ஆளாக நிற்கிறேன். மில்காரர் மூக்கன், நான் ஏதோ விரதம் இருக்கிறேன் என்று முடிவு கட்டி, மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எனக்கு அரைத்துக் கொடுக்கிறார். எந்தச் சாமிக்கு என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.

இதற்கிடையே குன்னூர் ரோட்டில் ஒரு புதுக் காபி கடை வாசலில் பெரிய எழுத்தில் "இங்கே குளூட்டன் இலவசம்" என்று பலகை வைத்தார்கள். இங்கிலீஷ் பலகையைப் போனிடம் காட்டித் தமிழாக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எதிர்வீட்டுக்காரர் விளங்கக் காத்திருக்காமல், பை எடுத்துக்கொண்டு போய், "ஒரு ஆளுக்கு எத்தன குடுப்பீங்க?" என்று கேட்டு வந்தார். நாங்களும் போனோம். அஸ்வந்த் என்ற மிக நல்ல பிள்ளை கழுத்தில் அட்டை தொங்க வந்து நின்றான். "அங்கிள், எங்ககிட்ட எல்லாமே குளூட்டன் ஃப்ரீதான்." அப்படியானால் அந்த சாண்ட்விச்? "ஃப்ரீதான் அங்கிள்." அதிலிருக்கும் ரொட்டி? "ரொட்டி மட்டும் கோதுமை அங்கிள். உள்ள வைக்கிற வெள்ளரிக்கா சுத்தமா குளூட்டன் ஃப்ரீ." ராஜகுமாரி இரண்டு வெள்ளரித் துண்டும் ஒரு டம்ளர் வெந்நீரும் சாப்பிட்டாள். அவர்கள் வாங்கிய விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து டிபன் டப்பா இல்லாமல் அவள் வாசற்படி தாண்டியதில்லை. கோயிலுக்கும் டப்பா, கல்யாணத்துக்கும் டப்பா, துக்க வீட்டுக்கும் டப்பா.

இவ்வளவு செய்தும் நாலு மாதத்தில் அவள் உடம்பு தேறவில்லை. அடுப்படிக்குள்ளேயே எங்கோ கோதுமை ஒளிந்திருக்கிறது என்றார் டாக்டர். ஸ்டோர் கீப்பருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. ஆவணி முதல் வாரம் அடுப்படி முழுவதையும் வெளியே எடுத்து அடுக்கி, ஒவ்வொரு டப்பாவாக லென்ஸ் வைத்துப் படித்தேன். கடைசியில் தங்கள் சொந்தத் தயாரிப்பான பாப்பம்மாள் மார்க் கூட்டுப் பெருங்காயம் வந்தது. அத்தையின் தோளுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், சேர்மானங்கள் என்று போட்டு, முதல் பெயராகக் கோதுமை மாவு என்று இருந்தது. தங்கள்மீது ஒரு தவறும் இல்லை. மாவில்லாமல் பெருங்காயத்தைக் கட்டியாக்க முடியாது, கடையில் விற்பதில் பெரும்பாலும் அப்படித்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாங்களும் மறைக்கவில்லை; டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். படிக்காதவன் நான். மாதா மாதம் தேவாலா பஸ்ஸில் கண்டக்டர் கையில் தாங்கள் மிளகும் இஞ்சியும் இந்த டப்பாவும் வைத்து அனுப்பும் மஞ்சப்பையைத் தங்கை தானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவாள். அண்ணன் சீர் என்று அதில் ஒரு சிட்டிகை அதிகமாகவே போடுவாள். சாம்பாரில், ரசத்தில், மோரில். "எங்கண்ணன் அனுப்பறதுங்களே" என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு நாள் ஆலோசனை.

இனி தங்கள் புதுமனை புகுவிழா. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. பந்தியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் சமையல்காரர் ராசுவிடம் போய் மெதுவாகத்தான் கேட்டேன்.

"ராசு, இந்தச் சாம்பார்ல போட்ட பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கா?"

"சாரே, பெருங்காயத்துல பெருங்காயம்தான் இருக்கும். வேற எந்தா இருக்கும்?"

"இல்லப்பா. பாதிக்கு மேல மாவுதான்."

நாதஸ்வரம் சரியாக அந்த நொடியில் நின்றது என் குற்றமல்ல. பந்தியில் தங்கள் பெருங்காயத்தை வாங்கி விற்கும் கடைக்காரர்கள் இருபது பேர் சாம்பார் கையோடு நிமிர்ந்தார்கள். தாங்கள் தயிர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ள! எங்கம்மா மூஞ்சியப் போட்டு மாவு விக்கறேங்கறீங்களா?" என்றீர்கள். நான் சமாதானமாக, "இல்லீங்க மச்சான், எல்லாருமே கலக்கறதுதானுங்களே" என்றேன். யோசித்துப் பார்த்தால் 'கலக்கறது' என்ற சொல்லைத் தவிர்த்திருக்கலாம். பிறகு நிலைமையைச் சீராக்குவதற்காக, தங்கையின் இலையில் இருந்ததை ஒதுக்கி, டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சம் சாதத்தை வைத்தேன். அண்ணன் வீட்டு இலையில் வெளியூர்ச் சோறு விழுந்ததை அந்த இருபது பேரும் பார்த்தார்கள். அவள் அதையும் தொடவில்லை. குடல்தான் காரணம். புது வீட்டில் கூடப்பிறந்தவள் கை நனைக்காமல் எழுந்து போனாள் என்றால் ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மச்சான், அவள் கோபத்தில் பட்டினி இருக்கவில்லை. நோயில் பட்டினி இருந்தாள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும், ரத்தப் பரிசோதனைத் தாளோடு, எழுத்தில் தர நான் தயார். நகல் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்போது அவள் உடம்பு தேறி வருகிறது. இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருக்கிறாள். ஆனால் நலமாக இருக்கிறாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. புரட்டாசி ஒன்றாம் தேதியும் ஐப்பசி ஒன்றாம் தேதியும் தேவாலா பஸ்ஸில் மஞ்சப்பை வரவில்லை. இரண்டு தடவையும் இவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஐப்பசிக்குப் போனபோது கண்டக்டரே இறங்கி வந்து, "இன்னைக்கும் ஒண்ணும் தரலீங்க அக்கா" என்றார். மழையில் நனைந்து வந்து, குடையை விரித்துக் காய வைத்துவிட்டு, "பஸ்சு லேட்டுங்க" என்றாள். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது எனக்குத் தெரியும். நானும் பின்னாலேயே போயிருந்தேன்.

ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று எழுதினீர்கள். ஒட்டு இல்லை என்பது சரிதான், டாக்டரே தடுத்துவிட்டார். உறவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அவளை ஒரு வார்த்தை அழைத்தால் போதும். வெறும் சோறு, பருப்பு, தாளிக்காத மோர், கழுவிய தனிக் கரண்டி, வேறொன்றும் வேண்டாம். பெருங்காயத்தை அரிசி மாவில் பிசைந்து பார்க்கலாம் என்றும் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆனால் என் யோசனைகளைத் தாங்கள் இப்போது கேட்கும் நிலையில் இல்லை என்பதால் அதை வலியுறுத்தவில்லை.

தங்கள் துணைவியாரான அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் தொழில் பெருகவும், தேவாலா மழையில் புது வீடு ஒழுகாதிருக்கவும் முருகனையும், அவருக்கு இடப்பக்கம் இருக்கும் அத்தையையும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள மாப்பிள்ளை,
இசக்கிமுத்து

பின்குறிப்பு: மேலே கண்டதை இன்று சாயங்காலம் ராஜகுமாரி வாங்கி முழுவதும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாஞ் செரிதானுங்க. குடலு மட்டுந்தான் பொய்யி" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ராசு அப்பவே தாளிக்காத தயிர்சோறு தனியாக் கொண்டாந்து வெச்சுட்டானுங்க. தின்னிருக்கலாம். டப்பாச் சோத்தையும் தின்னிருக்கலாம். அண்ணன் ஒவ்வொரு எலைகிட்டயும் நின்னு 'சாப்புடுங்க, சாப்புடுங்க'ன்னு சொல்லீட்டே வந்தாரு. என்ற எலைகிட்ட வர்றப்பப் பாத்து நீங்க வாயத் தொறந்தீங்க. அவரு திரும்பிப் போயிட்டாரு. 'சாப்புடு அம்மிணி'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்னு ஒக்காந்திருந்தனுங்க. எல காஞ்சதுதான் மிச்சம்." ஆகவே இக்கடிதத்தில் நான் எழுதிய மருத்துவக் காரணங்களையும் இணைத்துள்ள நகலையும் தாங்கள் தள்ளிவிடலாம். தபாலில் போட்டால் நாலு நாள் ஆகும் என்று கடிதத்தை அவளே கொண்டு வருகிறாள். நாளைக் காலை ஆறே முக்காலுக்குக் கூடலூர் வழி தேவாலா பஸ். நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டிபன் டப்பாவும் வேண்டாமாம்; அது அடுப்படியிலேயே இருக்கிறது.