ஊமைப் படத்துக்கு மைக்செட் வைத்தவர்

திருவண்ணாமலையில் மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் எங்கள் மைக்செட்காரர். மலையையும் முழுசாக விட்டுவைத்தார் என்று சொல்ல முடியாது. "சுத்தி வந்தா பதினாலு கிலோமீட்டர்னு சொல்றாங்களே, யாரு சார் டேப் புடிச்சு அளந்தது?" என்று கேட்டிருக்கிறார்.

மைக் சோதிக்க ஆள் வைத்துக்கொள்ள மாட்டார். கேட்காமலே கேட்டதென்று சொல்லிவிடுவானாம். தானே "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு, தெருமுனை ஸ்பீக்கரடிக்கு ஓடிப்போய்க் காது கொடுப்பார். அங்கே சத்தம் இருக்காது. உடனே ஒயர்மேல் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் அவர் செட் பாதியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், மேடை நாடகத்திலிருந்து எடுத்த பழைய ஊமைப் படத்தைக் கல்யாண மண்டபத்தில் காட்டினார். வரவேற்புரைக்கு நம்மவர் செட். கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவான நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

படம் ஓடியது. வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. "மைக்செட்டு! சவுண்டு வைய்யா!" என்று கூட்டம் கத்தியது. நம்மவர் ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார். என்னை முறைத்தார்.

"உண்மைய சொல்லுங்க சார். வெள்ளக்காரன் சவுண்ட எங்க எடுத்து வச்சிருக்கான்?"

"இது ஊமைப் படங்க. சவுண்டே கெடையாது."

"இத நான் நம்பணுமா? வேங்கிக்கால்ல ஒரு கல்யாணத்துக்கு செட்டு பேசி வச்சிருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க இங்கதான் குந்திகினு இருக்காங்க!"

மைக்கைப் பிடித்துவிட்டார். திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தை நான் காதில் சொல்ல, எல்லாருக்கும் அவரே பேசினார். மனைவிக்கு அவள் அண்ணன் எழுதிய கடிதத்தைக் காதல் கடிதம் என்று நினைத்து அவளைச் சந்தேகப்படும் கணவனின் கதை. நம்மவருக்குச் சொல்லவா வேண்டும்! "யாருடீ எழுதுனது? தேதி ஏன் போடல? எழுத்து ஏன் சாஞ்சிருக்கு?" என்று வெளுத்து வாங்கினார். கைதட்டல் அடங்கவில்லை. பெண் வீட்டாரும் தட்டினார்கள்.

கடைசிக் காட்சியில் கணவன் வாசலைக் காட்டுகிறான்.

"'வெளியே போ'ன்னு சொல்றான்," என்றேன்.

நம்மவர் மைக்கை இறுகப் பிடித்தார். "போவாதம்மா. தப்பு எம்மேலதான். உள்ள வா."

திரையில் கணவன் பல்லைக் கடிக்கிறான். அவள் மழையில் இறங்கிப் போகிறாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "செட்டு அவுட்டுடா!" என்றான் ஒருவன்.

"மாத்திச் சொல்றீங்க," என்று அவர் சட்டையை இழுத்தேன்.

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க சார். அது பொய் சொல்லாது."

படம் முடிந்து திரை வெளுத்த பிறகும், "நனையாதம்மா, வந்துடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வேங்கிக்கால் கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போனது. எனக்கோ அந்த மனுஷனை அவ்வளவு பிடித்துப்போயிற்று. அடுத்த தையில் என் கல்யாணம்; வேறு யார் செட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.