கண்சுத்தி ஐயாவின் ஃபிளாஷ்

செருப்புக் கடைக்கு மேலிருந்த மாடி அறைக்குப் போகும் படிக்கட்டில் காலையிலிருந்தே கால் வைக்க இடமில்லை. செருப்பு வாங்க வந்தவர்கள்கூட வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். தெரியாவிட்டால் என்ன? இத்தனை பேர் சும்மாவா நிற்பார்கள்!

மேலே இருந்தவர் கண்சுத்தி ஐயா. வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, வெண்ணெய் போன்ற குரல். போட்டோவில் ஒருவருக்குக் கண் சிவப்பாக விழுந்தால், அது அவர் நெஞ்சில் எரியும் பொறாமைத் தீ என்று கண்டுபிடித்த மகான். ஒருவரின் மனசை அறிய அவரோடு பழகிப் பார்க்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரமமெல்லாம் வேண்டாமாம். ஒரு கேமரா போதுமாம்.

அறையில் சன்னலுக்கெல்லாம் கனத்த திரை. மூலையில் அழுதுவடியும் ஒரு விளக்கு. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, கேமராவின் தலையில் ஒரு சாதாரண ஃபிளாஷைச் செருகி ஐயா படம் எடுப்பார். சுவரிலிருக்கும் டிவியில் அது தெரியும். இரண்டு கண்ணிலும் இரண்டு கங்கு. கூட்டம் மூச்சை இழுக்கும். பிறகு ஐயா உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, தங்கக் காகிதம் ஒட்டிய வேறொரு ஃபிளாஷால் படம் எடுப்பார். அது சுத்தி செய்த ஃபிளாஷ். கேமராவில் உட்காராது. நாலடி தள்ளி, உயரமான தாங்கியில், வெள்ளைக் குடைக்குப் பக்கத்தில் கௌரவமாக நின்று ரிமோட்டில் மின்னும். இப்போது கண் கருகருவென்று விழும். தீ அணைந்தது. உண்டியல் நிறைந்தது.

போட்டோகிராபர்களுக்கு அந்த ஃபிளாஷையே விற்கவும் செய்தார், கடை விலையைப் போலப் பத்து மடங்குக்கு, அவர்களும் நாலடி தள்ளியே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாங்காமல் பிழைக்க முடியவில்லை. குடிக்கும் தண்ணீரைக் கேட்பதுபோல, "சுத்தி செஞ்சதா, செய்யாததா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் முகத்தைக் காட்டினார்கள்.

வீடு வீடாகப் போய் முகப்படம் எடுக்கும் ஒரு போட்டோகிராபரிடம் இருந்தது செய்யாதது. நாலைந்து கடை ஏறி இறங்கிப் பார்த்து வாங்கியது. பைக்குள் அடங்க வேண்டும், சாதாரண பேட்டரியில் ஓட வேண்டும், ஒரு முகத்துக்குப் போதுமான வெளிச்சம் தர வேண்டும், வாங்கிய பிறகும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதற்கெல்லாம் சரிப்பட்டது அதுதான். அதை வைத்துக்கொண்டு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். வாசல் பலகையில் மாட்டினார்கள். எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள். ஆயாவுக்கு மட்டும் கண் சிவந்திருந்தது.

அவ்வளவுதான். மறுநாளே பெற்றோர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஆயாவுக்குக் குழந்தை கிடையாது. அடுத்தவர் பிள்ளையைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்குமா? பத்து வருஷமாக அவள் மடியில் தூங்கிய பிள்ளைகள் யாருக்கும் அந்த எரிச்சல் சுடவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காப்பக நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் முன்னால் ஐயாவிடம் கண்ணைச் சுத்தி செய்துகொண்டால் வரலாம், இல்லாவிட்டால் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஐயா அதற்குக் கேட்ட காணிக்கை அவள் சம்பளத்தில் அடங்காது. கடன் வாங்குகிறேன் என்று அவள் தலையாட்டினாள். செய்யாத தப்புக்கும் நல்லவர்கள்தான் முதலில் தலையாட்டுகிறார்கள்.

அன்று ராத்திரி போட்டோகிராபர் இதை மனைவியிடம் சொன்னார். நாமும் அந்தச் சுத்தி ஃபிளாஷை வாங்கிவிடலாம் என்றார். அவருடைய குழந்தையும் அந்தக் காப்பகத்தில்தான் இருந்தது. ஆயா தட்டிக் கொடுத்தால்தான் மத்தியானம் தூங்கும். அதனால் அவர் மனைவி விஷயத்தை விடவில்லை.

"மத்தவங்களை எங்க உக்கார வச்சு எடுத்தீங்க?"

"சன்னல் பக்கம். வெளிச்சம் நல்லா இருந்துச்சு, ஃபிளாஷே போடல."

"ஆயாவை மட்டும் ஏன் போட்டு எடுத்தீங்க?"

"அந்த அம்மா கடைசியாத்தான் வந்தாங்க. ஏதோ ஒரு குழந்தை தூங்கவே இல்லையாம், தட்டிக் கொடுத்துட்டு வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு."

"ஏங்க, தூங்க வச்சுட்டு வந்தவளுக்குப் பொறாமை. முதல் ஆளா ஓடி வந்து சிரிச்சவங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கே உங்க ஐயா நியாயம்" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, ஐயாவின் ஃபிளாஷ் எப்போதும் ஏன் நாலடி தள்ளியே நிற்கிறது என்று கேட்டாள். அது ஐதீகம் என்றார் கணவர். சரி, ஞாயிற்றுக்கிழமை நம்முடையதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறை பிதுங்கியது. பெற்றோர்கள் முன்வரிசையில். ஆயா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். ஐயா முதல் படத்தை எடுத்தார். டிவியில் இரண்டு கங்கு. "பாத்தியா, நான் சொல்லல" என்று ஒரு தகப்பனார் பக்கத்திலிருந்தவரை இடித்தார்.

அப்போது போட்டோகிராபரின் மனைவி கைகூப்பி எழுந்தாள்.

"ஐயா, ஒரு சின்ன ஆசை. சுத்தமான கண்ணு எப்படி இருக்கும்னு இவங்களுக்கெல்லாம் முதல்ல காட்டணும். உங்களை ஒரு படம் எடுக்கலாமா? உங்க ஃபிளாஷ்லயே."

புகழ்ச்சிக்குக் கூசாத கண் ஐயாவுடையது. புன்னகையோடு நாற்காலியில் அமர்ந்து தாடியை நீவிக்கொண்டார். அவள் தாங்கியிலிருந்து தங்க ஃபிளாஷைக் கழற்றி, கேமராவின் தலையில் செருகச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தாள்.

ஐயாவின் புன்னகை பாதியில் நின்றது. "அதை அங்க வைக்கக் கூடாதும்மா."

"சுத்தி செஞ்சது எங்க இருந்தாலும் சுத்தம்தானே ஐயா?"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பாவம், அது பக்தியில் சொன்ன ஆமாம். ஐயா எழுந்திருப்பதற்குள் பளிச்சென்று மின்னியது.

டிவியில் கண்சுத்தி ஐயா தெரிந்தார். வெள்ளைத் தாடிக்கு மேலே இரண்டு கண்ணும் இரண்டு பழுத்த மிளகாய்.

போட்டோகிராபர் ஆயாவை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்து, தம்முடைய மலிவு ஃபிளாஷைத் தாங்கியில் ஏற்றினார். ஐயாவின் ரிமோட்டை அமுக்கியதும் அது மறுபேச்சில்லாமல் மின்னியது. மின்னாமல் இருக்குமா? கேமராவில் செருகும்போது தங்கக் காகிதம் கிழிந்து, உள்ளே இருந்த கம்பெனிப் பெயர் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே கடை, ஒரே விலை, உடன்பிறந்த ஃபிளாஷ்கள். ஆயாவின் கண் டிவியில் கருகருவென்று விழுந்தது. அழுததால் கொஞ்சம் பளபளப்பாகவும் இருந்தது.

தீட்டுப்பட்டுவிட்டது என்று ஐயா குரலை உயர்த்தினார். மனைவி சன்னல் திரையை விலக்கிவிட்டாள். பகல் வெளிச்சம் காணிக்கை கேட்காமல் உள்ளே வந்தது.

"இருட்டுல கண்ணுக்குள்ள இருக்கிற வாசல் பெருசாத் திறந்திருக்குங்க. கேமரா பக்கத்திலேயே ஃபிளாஷ் அடிச்சா, உள்ள ஓடுற ரத்தத்தோட சிவப்பு நேரே திரும்பி வருது. தள்ளி வச்சா வராது. இதுல பொறாமை எங்க இருக்கு? வேணும்னா ஒவ்வொருத்தரா உக்காருங்க, திரையை மூடிட்டு எடுத்துக் காட்டுறோம்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவரை இடித்த தகப்பனாரைத்தான் முதலில் கூப்பிட்டாள். அவர் தமக்கு வேலை இருப்பதாகச் சொல்லிப் படிக்கட்டைத் தேடினார். மற்றவர்கள் உண்டியலைத் தேடினார்கள். அது ஐயாவின் அங்கிக்குள் இருந்தது. ஐயா பின்வாசலில் இருந்தார். செருப்புக் கடைக்காரர் கீழே வழியை மறித்து நின்று, போட்டவர்களுக்கெல்லாம் போட்டதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. போட்டோகிராபரின் குழந்தைக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. ஏறி அவள் மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. அதைப் பார்த்த ஒரு தாய், தன் பிள்ளையையும் பேசாமல் கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டாள். திங்கள்கிழமை வாசல் பலகையில் புதிய படம் மாட்டினார்கள். அன்று ஆயாவை முதல் ஆளாக உட்கார வைத்திருந்தார் போட்டோகிராபர், சன்னலுக்குப் பக்கத்தில்.

ஐயா ஊரை விட்டுப் போகவில்லை, தெருவைத்தான் மாற்றியிருக்கிறார். போட்டோவில் கண் மூடியபடி விழுகிறவர்களுக்கு இப்போது பரிகாரம் செய்கிறாராம். நல்ல கூட்டமாம். கண்ணை மூடியவர்களுக்கா நம் நாட்டில் பஞ்சம்?

சாமி கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தப்பில்லை. சாமியாரைப் பார்க்கும்போது மட்டும் திறந்து வையுங்கள்.