சிரித்தால் கத்துகிற கார்

என் பழைய கண்டக்டரும் என் மனைவியின் அண்ணனுமான அன்பு மச்சான் அவர்களுக்கு,

முப்பத்திரண்டு வருடம் உங்கள் விசிலுக்கு வண்டி எடுத்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் மாப்பிள்ளையும், போன வாரம் வந்து சேர்ந்த பேத்தியும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அக்காவின் முழங்கால் மாடிப்படி ஏற ஒத்துழைக்கிறதா என்பதையும் அறிய ஆவல். பேத்தி பிறந்ததை உங்கள் தங்கை போனிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் குழந்தையை வீட்டுக்கு ஓட்டி வந்த கதையை அவள் சொன்ன விதத்தில் எனக்குத் திருப்தி இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை புதுக் கார் வாங்கியிருக்கிறார். அவர் பல் டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும்; நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவர், தன் வாயை அதிகம் திறக்க மாட்டார். இந்தக் கார் பெரிய சாலையில் தானாகவே கோட்டுக்குள் போகும், முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்படியானால் டிரைவர் எதற்கு என்று கேட்டேன். கார் சரியாகப் போகிறதா என்று நாம் கவனிக்க வேண்டுமாம், நாம் கவனிக்கிறோமா என்று கார் கவனிக்குமாம். அதற்காக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கேமரா கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கிறது. நம் கண் சாலையை விட்டு நகர்ந்தால் 'டிங் டிங்' என்று கத்தும். அதற்கும் திருந்தாவிட்டால் ஒரு பெண் குரல், தயவுசெய்து சாலையைக் கவனிக்கவும் என்று நல்ல மரியாதையோடு மானத்தை வாங்கும். வண்டியில் ஏறியதும் திரையில் 'அப்பா', 'மாப்பிள்ளை' என்று இரண்டு பொத்தான். ஓட்டுகிறவர் தன்னுடையதைத் தொட வேண்டும். வாரக் கடைசியில் அவரவர் கவனத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு மகளின் போனுக்கு அனுப்பிவிடும்.

மகள் கணக்கு டீச்சர். மார்க் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் சும்மா விடுவாளா? பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை நான்தான் ஓட்டி வருவேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே வந்தது தீர்ப்பு: "எண்பது வாங்குங்கப்பா, சாவி உங்களுக்கு. இல்லன்னா அவர்தான் ஓட்டுவார்." மாப்பிள்ளை வாரம் தவறாமல் தொண்ணூற்றைந்து வாங்குகிறவர். யோசித்துப் பாருங்கள் மச்சான். எத்தனை லட்சம் பேரை ஏற்றி இறக்கியவன் நான், என் பேத்தியை ஏற்ற எனக்குத் தகுதித் தேர்வு.

முதல் வாரம் நாற்பத்தொன்று. காரணம் நீங்கள்தான். படிக்கட்டில் யார் தொங்குகிறார்கள், நீங்கள் எந்த மூலையில் சில்லறைக்குச் சண்டை போடுகிறீர்கள் என்று நான்கு நொடிக்கு ஒருமுறை உள் கண்ணாடியைப் பார்த்துப் பழகிய கண் இது. பின்னால் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், கார் கத்திக்கொண்டே வந்தது. போதாக்குறைக்கு, பஸ் ஸ்டாப் வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. ஒரு ஸ்டாப்பில் நின்றே விட்டேன், ஒரு அம்மாள் கதவைத் திறந்து பையோடு ஏறிவிட்டார். அவரை இறக்குவதற்குள், என் பக்கத்து சீட்டிலிருந்த உங்கள் தங்கை அவருடைய மூன்று மகன்களின் வேலை விவரத்தையும் விசாரித்து முடித்திருந்தாள்.

இரண்டாவது வாரம் வைராக்கியமாக இருந்தேன். கழுத்தைத் திருப்பவில்லை, கண்ணைச் சிமிட்டவில்லை, நேராகச் சாலையை முறைத்துக்கொண்டே ஓட்டினேன். கண்ணும் கருத்துமாக இருக்கிறேன் என்று நான் நினைக்க, பேயறைந்தவன் மாதிரி இருக்கிறேன் என்று கார் நினைத்துவிட்டது. திரையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பையைக் காட்டி, நீங்கள் களைத்திருக்கிறீர்கள், ஓய்வெடுக்கவும் என்றது. சரி என்று ஓரம் கட்டினால், உங்கள் தங்கை ஒரு கதையை எடுத்துவிட்டாள். உங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் ஞாபகமறதியாக டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு வந்தீர்களே, அது. வண்டி மறுபடி கிளம்பிய பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சிரித்தால் கண் இடுங்கிப்போகும், தெரியுமல்லவா? தூங்கிவிட்டான் என்று முடிவுகட்டி கார் ஊரைக் கூட்டிவிட்டது. அந்த வாரம் ஐம்பத்தாறு. இனி என் வண்டியில் யாரும் எனக்குச் சிரிப்பு மூட்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். முறைத்து முறைத்துக் கழுத்து வேறு சுளுக்கிக்கொண்டது.

மூன்றாவது வாரம் தொண்ணூற்றுமூன்று! எப்படி என்று கேட்காதீர்கள். அனுபவம். மகள் போனை இரண்டு தடவை பார்த்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. மகளும் உங்கள் தங்கையும் பின்னால், நடுவில் குழந்தை. மாப்பிள்ளை என் பக்கத்தில். ஆஸ்பத்திரி வாசல் தாண்டியதுமே குழந்தை வீலென்று குரலெடுத்தது பாருங்கள், பஸ் ஹாரன் தோற்றது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, அழுகை நிற்கவில்லை. மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையையே பார்த்தேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு நல்ல குரலில் என் பேத்தி கத்துகிறாள் என்று நினைத்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. கண் சாலையில்தான் இருந்தது மச்சான், சத்தியம். காருக்குத்தான் அது தெரியவில்லை. 'டிங் டிங்.' குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது. நான் பயந்து முகத்தை இறுக்கினேன், சத்தம் நின்றது, மறுபடி அழுகை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், அந்த வாரத்திலேயே முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "மாமா, சிரிங்க."

"மார்க் போயிடும் மாப்பிள்ளை," என்றேன்.

பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "போனாப் போகுதுப்பா. நீங்க சிரிச்சுக்கிட்டே ஓட்டுங்க."

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். கார் கத்திக்கொண்டே வந்தது. குழந்தை தூங்கிக்கொண்டே வந்தது. அந்த வார மார்க் ஒன்பது. மகள் அதை அப்படியே படமெடுத்து வைத்திருக்கிறாள்.

ஆகவே மச்சான், பேத்தியைப் பார்க்கச் சீக்கிரம் கிளம்பி வாருங்கள். வரும்போது அந்தப் பழைய விசிலை மறக்காமல் எடுத்து வாருங்கள், கார் இல்லாத நேரத்தில் தூங்கவைக்க உதவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கழுத்து நேரான உங்கள் டிரைவர்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடுவதற்குமுன் படித்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம் இவருக்குக் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை, ஒத்தடம் கொடுத்துப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, 'அப்பா' பொத்தானைத் தொட்டு வாரம் முழுக்க ஓட்டியது நான்தான். அந்தத் தொண்ணூற்றுமூன்று என்னுடையது. சாவியும் நியாயமாக எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் பழைய டிரைவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, காலையிலிருந்து நின்றார் அண்ணா. எனக்குக் கேட்க மனசு வரவில்லை. விசில் வேண்டாம், குழந்தை சமர்த்தாகத் தூங்குகிறாள்; இவர்தான் நாலு நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து எழுப்பிவிடுகிறார்.