தேயாத நான்கு சக்கரங்கள்

சிக்கனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பொருளைக் காப்பாற்றுவது. மற்றது, பொருளின் ஒரு மூலையை மட்டும் காப்பாற்றிவிட்டு மிச்சத்தைக் கோட்டை விடுவது. இரண்டாவது வகையில் ஆரணி வட்டாரத்திலேயே எனக்குச் சமமான ஆள் என் பழைய முதலாளி ஏகாம்பரம் ஒருவர்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். பெங்களூர் ஓட்டலில் டம்ளர் கழுவினேன். குண்டக்கல் வரை லாரியில் கிளீனராகப் போனேன். பம்பாயில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பாலத்தடியில் படுத்திருந்துவிட்டு, மஞ்சள் காமாலையோடு ஊர் திரும்பினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஏகாம்பரம், முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் பட்டுப்புடவை நெய்து வாங்கி விற்பவர். ஓடாமல் இருந்து காட்டினால் கடையில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது.

அப்போது அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு சூட்கேஸ் கொண்டுவந்து கொடுத்தார். அடியில் நான்கு சக்கரம், முனையில் கொக்கி போட்ட தோல்வார். நாயைப் பிடித்துப் போவது மாதிரி இழுத்துக்கொண்டு போகலாம். ஆரணியில் அதற்குமுன் பெட்டி உருண்டு நான் பார்த்ததில்லை. (பம்பாயில் பார்த்திருக்கிறேன். கிட்டே போனால் விரட்டுவார்கள்.) முதலாளி அதன்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

வந்தவாசியில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். முகூர்த்தப் புடவையையும் இன்னும் சில புடவைகளையும் அந்தப் பெட்டியில் அடுக்கி, கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

"பொண்ணு வூட்டுக்காரங்க பாக்கற மாதிரி தெருவுல உருட்டிகினு போ. ஆனா சக்கரம் தேயக் கூடாது."

"உருட்டினா தேயுமேங்க."

"அதை யோசிக்கத்தானே உனுக்கு சோறு போடறேன்."

யோசித்தேன். சைக்கிள் கடைக் குப்பையிலிருந்து ஒரு பழைய டியூபை எடுத்து, வெங்காயம் நறுக்குவது போல வளையம் வளையமாக வெட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். கடைக்குள் இழுத்துப் பார்த்தால், கடகடவென்ற சத்தம் போய்ப் பெட்டி பூனை மாதிரி வந்தது. முதலாளியின் பார்வையில் என்மேல் லேசான மரியாதை தெரிந்தது. அது சாயங்காலம் வரை தாங்கியது.

வந்தவாசியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாரைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. பெட்டி இழுத்துப் பழகியவன் திரும்பிப் பார்ப்பானா? கொஞ்ச தூரம் போனதும் பெட்டி திடீரென்று லேசாகிவிட்டது. ரப்பர் இப்போதுதான் ரோட்டுக்குப் பழகியிருக்கிறது என்று மகிழ்ந்தேன். பின்னால் டீக்கடையிலிருந்து, "யோவ், பொட்டி, பொட்டி" என்று கத்தினார்கள். ஊரே அசந்துவிட்டது என்று பூரித்து, திரும்பாமலே கையை உயர்த்தி, "வீல் வெச்ச பொட்டிங்க, சிங்கப்பூரு" என்று விளக்கம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

கல்யாண வீட்டு வாசலில், புடவையைப் பார்க்கப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். முன்னால் பெண்ணின் அப்பா.

"கவனிச்சீங்களா, சத்தமே வரல" என்றேன்.

அவர் என் காலடியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "ஆமாப்பா, பொட்டியும் வரல" என்றார்.

திரும்பினேன். என் கையில் வார் இருந்தது. வாரின் முனையில் கொக்கி இருந்தது. அதற்கப்பால் வந்தவாசி இருந்தது.

நான் ஓடிய ஓட்டத்தில் இரண்டே காட்சிகள் மாறி மாறி வந்தன. ஒன்று, பழைய புடவையில் மணையில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண். இன்னொன்று, பம்பாய்ப் பாலத்தடி. டீக்கடை எதிரில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று, நடுரோட்டில் நின்ற பெட்டியை இடித்துக் கொஞ்ச தூரம் இழுத்தே போயிருந்தது. டீக்கடைக்காரர் அதை மீட்டு பெஞ்சின்மேல் வைத்திருந்தார்.

"அந்தக் கத்து கத்தனோம். நீ இன்னாடான்னா பாடம் நடத்திகினே போற" என்றவர், பிய்ந்துபோன நான்கு சக்கரங்களையும் ரப்பரோடு என் உள்ளங்கையில் கொட்டினார்.

பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன உயிர் வந்தது. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனேன். முகூர்த்தப் புடவை மணப்பெண் கைக்குப் போன பிறகுதான் அவள் அப்பா பேசினார். "மொதல்லயே தலையில வெச்சிகினு வந்திருந்தா, ஜல்தியா வந்திருக்கலாமேப்பா."

ஆரணிக்குத் திரும்பினேன். முதலாளி புடவைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியின் அடியைப் பார்த்தார். கையை நீட்டினார். சக்கரங்களைக் கொடுத்தேன். பிளேடு எடுத்து ரப்பரை உரித்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேயலதான்" என்றார். முகத்தில் நிஜமான திருப்தி. பிறகு அதே குரலில், "நாளையிலேர்ந்து வராத" என்றார்.

அதற்கப்புறம் செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை கிடைத்து, ஒருவழியாக நிலைத்தேன். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி எரிந்துபோய் அதன் உறை மட்டும் மிஞ்சினாலும், மகன் பரீட்சையில் கோட்டை விட்டுப் பேனாவைப் பத்திரமாகக் கொண்டுவந்தாலும், தீர்ப்பு ஒன்றுதான்: சக்கரம் தேயல.

போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். மனைவி கட்டிலுக்கு அடியில் குனிந்து, அன்று காலையில்தான் வாங்கியிருந்த என் செருப்பை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"சக்கரம் தேயலங்க" என்றாள். கட்டுப் போட்ட டாக்டருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.