சத்தமே போடாத கல்யாணக் கார்

எங்கள் குடும்பத்தில் சீனி வியாதியும் பிரஷரும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு பிரிந்திருக்கின்றன. வீம்பு மட்டும் மொத்தமாக எனக்கே வந்து சேர்ந்தது. (பங்கு கேட்டு யாரும் வரவில்லை.)

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், ருவான்வெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டோரம் என் காரை நிறுத்திப் படங்கு போட்டு மூடினேன். தட்டுப்பாடு தீர்ந்தும் படங்கை எடுக்கவில்லை. தங்கை சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பலாங்கொடையில் கடைக்காரர்கள். அவர்கள் முன்னால் எங்கள் வீட்டுப் பெண் த்ரீவீலிலிருந்து இறங்குவதா? “என் கார்லதான் கோயிலுக்கு வருவா” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில்தான் சாவியைத் திருகினேன். (முதல் நாளே பார்த்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.) ‘டிக்’ என்றது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு நிமலின் த்ரீவீல் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தோம். எஞ்சின் சுற்றியது, இருமியது, பிடிக்கவில்லை. டாங்கியில் பெட்ரோல் வார்னிஷாக நாறியது. வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன். ஏர் ஃபில்டரைத் திறந்தால், எலிகள் ரப்பர் கொட்டைகளைக் குவித்து வைத்திருந்தன. அள்ளிக் கொட்டினேன். பிளக்கைத் துடைத்தேன். பட்டுவேட்டிதான் கறுத்தது. கடைசியில் அந்த ‘டிக்’கும் நின்றுபோனது.

“வெடக் நே, மல்லி” (பிரயோசனமில்லை, தம்பி) என்று நிமல் கையை விரித்தார்.

அலங்காரத்தோடு சுமதி வந்து நின்றாள். “அண்ணே, முகூர்த்தம் போயிரும். நிமல் அண்ணன் த்ரீவீல்லயே போயிருவோமே.”

“வாய மூடிக்கிட்டு ஏறு. தள்ளி ஸ்டார்ட் பண்றேன்!”

ஏறினாள். சொந்தக்காரர்கள் தள்ளினார்கள். கார் இறக்கத்தில் உருளத் தொடங்கியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, இது ஆட்டோ கியருல்ல? தள்ளுனா ஸ்டார்ட் ஆவாதே!”

ஐயோ! அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஹார்ன் அடித்தேன், ஊமை. பிரேக் கருங்கல்லாக இறுகிவிட்டது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, முருகா முருகா என்று வளைவுகளைக் கடந்தேன். தள்ளியவர்கள் மேலேயே நின்றுவிட்டார்கள். அடிவாரத்துக் கோயில் வாசலில், மேளக்காரர்களுக்கு ஒரு முழம் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா காரைச் சுற்றி வந்தார். “சத்தமே இல்லாம வந்துச்சே! ஹைபிரிட்டுங்களா?”

“ஆமாங்க” என்றேன். (வேறென்ன சொல்ல?)

முகூர்த்தம் தப்பவில்லை. சுமதி கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்து அழுதேவிட்டேன். கண்ணீரோடு நான் வெளியே வந்தால், மாலையும் கழுத்துமாக மணமக்கள் என் காரிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் சித்தப்பா.

“எடுங்க தம்பி. ஸ்டார்ட் பண்ணா சத்தம் கேக்குதான்னு பாப்போம்.”

வீம்பு விடவில்லை. சாவியைத் திருகினேன். ஒரு சத்தமும் இல்லை.

“அடேங்கப்பா, ஸ்டார்ட் ஆனதே தெரியல!” என்று சித்தப்பா வியந்தார்.

சுமதிக்கு அடக்க முடியவில்லை. மாலைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அவள் காதில் விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளையும் சிரித்தார், கடைசியில் சித்தப்பாவும். மணமக்கள், பின்னால் இறங்கி வந்திருந்த நிமலின் த்ரீவீலில்தான் பலாங்கொடைக்குப் போனார்கள். காரை மேட்டில் தள்ளி ஏற்றியது, பட்டுவேட்டிகளை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை வீட்டார்.

சுமதியின் மகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். மாமா பேர் என்ன என்று டீச்சர் கேட்டிருக்கிறார். “ஹைபிரிட் மாமா” என்றாளாம். என் சொந்தப் பெயரை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.